தெரணியும் காரையும்: களிமண் நாட்குறிப்பு

பிப்ரவரி 6, தெரணி
வெயில் ஏறும் முன்பே பெரம்பலூர்ப் பக்கத்துத் தெரணியின் களிமண் குழிக்குள் இறங்கிவிட்டோம். வெட்டிய சுவர் முழுக்க வெள்ளைக் களிமண். நடுநடுவே ஊதா, மஞ்சள் கறை. எல்லாம் இரும்பு. செராமிக்காரர்களுக்கு ஆகாது, சுட்டால் நிறம் கெட்டுவிடும். காய்ந்த துண்டை நாக்கில் வைத்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது.

கூட வந்த பையன் ஒரு கட்டியைப் பிளந்ததும் டைலோஃபில்லம் இலைத்தடம். நடுவில் காம்பு, இருபுறமும் குறுகலான இலைகள். அழிந்துபோன செடி; இங்கே கிடைப்பது கிரிட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலப்பகுதி) தொடக்கத்தைச் சேர்ந்தது. "அப்ப இது ஏரிப் படிவா சார்?" என்றான். இலையை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது. ஆறு அடித்து வந்த இலை கரையோரக் கடலிலும் புதையும்.

பிப்ரவரி 7, தெரணி
மழை கழுவிய மேல்தோலைச் சுரண்டிவிட்டு, மேலிருந்து கீழாகச் சால் வெட்டி மாதிரி எடுத்தோம். துணிப்பை, எண், முடிச்சு. நாள் முழுக்க இதே வேலை.

பிப்ரவரி 8, காரை
சில கிலோமீட்டர் கிழக்கே வந்தால் வேறு உலகம். ஓடைகள் அரித்த மொட்டை மேடுகள், சாம்பலும் செம்பழுப்புமாய். கால் வைத்தால் மேற்பரப்பு பொருபொருவென்று உதிர்கிறது. ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "மழை பெஞ்சா இந்தப் பக்கம் வராதீங்க தம்பி, செருப்பு மண்ணோட போயிடும்."

காலடியெங்கும் துப்பாக்கிக் குண்டு மாதிரி பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான பழங்காலக் கடலுயிரின் புதைபடிவங்கள். இது கடல்தான், சந்தேகமே இல்லை. அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பெலம்னைட் பொங்கியது; பக்கத்தில் மினுங்கிய ஜிப்சம் அசையவில்லை. ஜிப்சம் நரம்புகள் படுகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அதாவது மண் படிந்த பிறகு வந்தவை. பலர் இவற்றைப் பார்த்ததுமே 'வற்றிய கடல்' என்று கதை கட்டிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862 அறிக்கையில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். காரை, ஊட்டத்தூர் பிரிவில் வருகிறது.

பிப்ரவரி 9, பெரம்பலூர் அறை
எது எவ்வளவு இழுபடும் என்று அறிய, இரண்டு மண்ணையும் பிசைந்து நூலாகத் திரித்துப் பார்த்தோம். தெரணி மண் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வருவதற்குள் அறுந்தது. காரை மண் இன்னும் மெல்லியதாக நீண்டது. முன்னதில் கேயோலினைட் (வெள்ளைக் களிமண் கனிமம்), பின்னதில் ஸ்மெக்டைட் (ஈரத்தில் உப்பும் களிமண் கனிமம்) என்பது என் ஊகம். எக்ஸ்ரே சோதனையில் தெரிந்துவிடும்: கனிம அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் வரைபடத்தில், கேயோலினைட்டின் 7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) உச்சி 550 டிகிரியில் சுட்டால் மறையும், ஸ்மெக்டைட் கிளைக்கால் என்ற திரவம் பட்டால் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு விரியும். அப்புறம், காரை மாதிரிகளில் ஜிப்சத்தைக் கழுவி எடுக்காமல் அரைக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.