ஒரு கேன் பிக்ஸருக்காக நாகர்கோவிலுக்கு மூன்று நடை

மார்த்தாண்டத்தில் பல் மருத்துவமனை நடத்தும் நான், எக்ஸ்ரே பிலிமை விட்டு டிஜிட்டல் சென்சாருக்கு மாறியதும், இருட்டறையைக் காலி செய்ய ஒரு ஞாயிறு போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் பிடித்தது. சிங்க்குக்கு அடியில் மிஞ்சியவை, பிலிமில் படத்தை நிலைநிறுத்தும் பிக்ஸர் திரவத்தின் கழிவு நிறைந்த 20 லிட்டர் கேன் ஒன்றும், பிலிம் உறைகளிலிருந்து உரித்த ஈயத் தகடுகள் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்றும்தான்.

தகடுகளை மஞ்சள் பையில் கொட்டி வைத்திருந்தேன். மருத்துவக் கழிவு வண்டியில் வந்தவர் பையைத் தூக்கிப் பார்த்ததும், "டாக்டரே, இந்தப் பை சூளைக்குப் போறது, ஈயத்த இதுல போடப்பிடாது" என்று திருப்பித் தந்தார். எரித்தால் ஈயம் புகையோடு காற்றில் கலக்கும் என்பதைப் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அவர்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவற்றை முறையாக அகற்றுவதற்காக நாகர்கோவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு நடந்தேன். முதல் நடையில், மருத்துவக் கழிவு அனுமதிச் சான்றின் நகலோடு போன என்னிடம், ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் தர வேண்டிய கழிவு ஆண்டறிக்கையான படிவம் 4-இன் நகலைக் கேட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல் அனுப்பிவிட்டார் எழுத்தர். இரண்டாம் நடை டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. பாளையங்கோட்டைக்காரனான எனக்குப் பத்தாண்டு ஆகியும் அது மனத்தில் பதியவில்லை. மூன்றாம் நடையில் வேலை முடிந்தது.

பெரிய அடி கேனில்தான் இருந்தது. பிலிமில் கதிர் படாத வெள்ளி உப்பு முழுவதும் பிக்ஸரில்தான் கரைகிறது என்பதால், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் அதை விலைக்கே எடுப்பார் என்று நம்பியிருந்தேன். அவர் மூடியைத் திருகியதும் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. எங்கள் உதவியாளர், 'கழிவு' என்று மட்டும் எழுதியிருந்த அந்தக் கேனிலேயே, படத்தைத் தோன்றவைக்கும் திரவமான டெவலப்பரையும் ஊற்றி வந்திருக்கிறார். பெயர் எழுதாதது என் தவறு. கலந்த திரவம் தமக்கு வேண்டாம் என்று மறுசுழற்சியாளர் கைவிரிக்க, அபாயகரக் கழிவாகப் பணம் கொடுத்தே அனுப்ப நேர்ந்தது. ஆகவே பிக்ஸருக்கும் டெவலப்பருக்கும் தனித்தனிக் கேன் வைத்து, பெயரையும் தேதியையும் எழுதுங்கள். சாக்கடையில் ஊற்றும் யோசனையே வேண்டாம்.

ஈயத்துக்கு எடை குறித்த ரசீது கிடைத்தது, கோப்பில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது கதிரைத் தடுக்க அணியும், விரிசல் விட்ட ஈய ஏப்ரன் மட்டும் இன்னும் ஆணியில் தொங்குகிறது. பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரர் இரண்டு முறை கேட்டும் நான் கொடுக்கவில்லை.