பங்காளி வீட்டுக் கழிப்பறையும் என் ஐந்து மாதமும்

"இதையெல்லாம் போய் எழுதுவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாததால்தான் ஐந்து மாதம் மலச்சிக்கலில் அவதிப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன தையில் சின்ன மாமனாருக்கு, ஆயுள் வேண்டிச் செய்கிற சாந்திக் கல்யாணம். பள்ளத்தூரில் பூர்வீக வீடு, பதினோரு புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு உள்ளது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் கழிப்பறை மட்டும் இரண்டு. இரண்டும் கொல்லையில். காலை ஐந்தரைக்கே வாளியோடு ஆள் நிற்கும். "ஆச்சி, இன்னும் நேரமாகுமா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், வர இருந்ததும் உள்ளே போய்விடும். தேவகோட்டையில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போய்வந்திருக்கலாம். விசேஷ வீட்டுக்காரர்கள் ராத்தங்காமல் போனால் அது ஒரு பேச்சாகிவிடும். நான்கு நாள் அடக்கிக்கொண்டேன்.

சாப்பாடும் அதற்கேற்றாற்போல்தான். காலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சாயந்திரம் சீயம், நடுவில் யாராவது தட்டில் கொண்டுவந்து நீட்டும் கும்மாயம். தண்ணீரைக் குறைத்தேன், குடித்தால் கொல்லைக்கு நடக்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் ஆட்டுப்புழுக்கை மாதிரி. ஆத்தா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "சூடு. விளக்கெண்ணெய் குடி." சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு விட்டால் ஆயா எங்களை வளவில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவார்கள். அந்த வாடையை நினைத்தாலே குமட்டும். அதனால் ராத்திரியில் கடுக்காய்ப் பொடி, அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலாவரைச் சூரணம் என்று போனேன். அதுவும் சரிவராமல் மருந்துக் கடையில் கேட்டு ஒரு பேதி மாத்திரை.

இந்த மாத்திரையில்தான் நன்றாக ஏமாந்தேன். ராத்திரி போட்டால் விடியற்காலையில் வயிற்றை முறுக்கிக்கொண்டு எல்லாம் போய்விடும். அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது. ஐயோ, மறுபடியும் கட்டிக்கொண்டது என்று திரும்பவும் மாத்திரை. குடல் மொத்தமாகக் காலியானால் திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாளாகும், அந்த நாட்களில் வராமல் இருப்பது இயல்பு என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்படியே ஆறு வாரம் ஓட்டினேன். இடையில் யாரோ சொல்லி இசப்கோல். அந்த உமி தண்ணீரை இழுத்து ஊதினால்தான் வேலை செய்யும். நான் அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி விழுங்கிவிட்டுப் படுத்தேன். வயிறு கல்லானது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் கண்ணாடியால் கீறினாற்போல் வலி, கூடவே சிவப்பாக இரத்தம். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனேன்.

அவர் சாவகாசமாகக் கேட்டார். "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, ஆச்சி?"

"ஒண்ணுமில்ல டாக்டர். சத்து மாத்திரை மட்டும்தான்."

"என்ன சத்து?"

மார்கழியில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்ததால் இரும்புச் சத்து மாத்திரை, மூட்டுவலிக்குக் கால்சியம் மாத்திரை. இரண்டும் வேறு வேறு இடத்தில் எழுதிக் கொடுத்தவை. இரண்டுமே மலத்தை இறுக்கும். இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாகவும் போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சூடு என்று முடிவுகட்டியிருந்தேன். தார் மாதிரி பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு கருப்பாகப் போனால்தான் மேல்வயிற்றில் இரத்தக் கசிவோ என்று சந்தேகப்பட வேண்டும் என்றார். தைராய்டு, சர்க்கரை, கால்சியம் மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு குறைந்தாலும் குடல் மந்தமாகுமாம். எனக்கு மூன்றும் சரியாக இருந்தன.

அதோடு விடுவார் என்று பார்த்தால், மதுரையில் கொலனாஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டு வரச் சொன்னார். எனக்கு வயது 51. இந்த வயதில் மலம் போகிற வழக்கம் புதிதாக மாறி, இரத்தசோகையும் இருந்து, இரத்தமும் பட்டால் குடலில் கட்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்றார். ஒருவாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தினேன். முதல் நாள் மோர்சாதம், இட்லி. சாயந்திரத்திலிருந்து எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர் இரண்டு லிட்டர், கால் மணிக்கொரு டம்ளர். சோதனையைவிட இதுதான் கொடுமை. வெளியே போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக ஆகும்வரை ஓடிக்கொண்டே இருந்தேன். சோதனை நடந்ததே தெரியவில்லை, மயக்கம் கொடுத்துவிட்டார்கள். கட்டி இல்லை. ஆசனவாயில் ஒரு வெடிப்பு மட்டும். வலிக்குப் பயந்து அடக்க, அடக்கியது இறுகி மறுபடி கிழிக்க, அது ஆறவே இல்லை.

மருத்துவம் எளிதாகத்தான் இருந்தது. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார், கால்சியத்தை நிறுத்தினார். ராத்திரி 15 மில்லி லாக்டுலோஸ் சிரப். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குவது, பேதி மாத்திரை மாதிரி முறுக்காது. பலன் தெரிய இரண்டு நாள் ஆனது. முதல் வாரம் வாயுத் தொல்லை, மனிதர் நடுவில் உட்கார முடியவில்லை. வெடிப்புக்குக் களிம்பு, தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருவது. அதற்கு எனக்குச் சீராக வந்த எனாமல் பேசினை எடுத்தேன். இத்தனை வருடம் பரணில் கிடந்தது, ஆத்தாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று, மூட்டுவலி வந்ததிலிருந்து நான் மேல்நாட்டுக் கழிப்பறைக்கு மாறியிருந்தேன். குந்தி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து வழி நேராகும், நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் அது மடங்கியே இருக்கும். காலுக்கு அடியில் உயரம் கொடுங்கள் என்றார். தேக்கு மணைப்பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தது. முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. மருந்தைவிட இதற்குத்தான் நான் மார்க் போடுவேன். காலைக் காபி குடித்த அரைமணிக்குள் போய் உட்காருகிறேன், வயிற்றில் ஏதாவது இறங்கினால் குடல் தானாக அசைந்து கொடுக்கும் நேரம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. போனை வெளியே வைத்துவிடுகிறேன்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரை கிராம் நார்கூடத் தேறாது, ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும். அதனால் சோற்றைக் குறைத்து, வெண்டைக்காய் மண்டியும் தட்டைப்பயறும் கூட்டினேன். தினம் ஒரு கொய்யா. கவுனி அரிசியைச் சர்க்கரையும் நெய்யும் போடாமல் கஞ்சியாக வைக்கிறேன், பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும், நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஆனியில் சிரப்பும் நின்றது.

வருகிற தையில் அதே வீட்டில் ஒரு கல்யாணம். இந்தத் தடவை ராத்திரி தேவகோட்டைக்கு வந்துவிடுவேன் என்று ஓரகத்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கார்ல எனக்கும் இடம் இருக்குமா?"