சேமக்கலத்தின் அடியை வெட்டிவிட்டால்

சேமக்கலத்தை அடித்தால் முதலில் கேட்பது 'டாங்'. வெண்கலம் பாடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஆனால் காது அந்த முதல் அடியை வைத்தே இது இன்னது என்று முடிவுகட்டிவிடும். அடியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டுக்காட்டுங்கள், கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கே பிடிபடாது.

நிகழ்ச்சிகளுக்குப் புதுமையான ஒலிகள் செய்வதற்கென லண்டன் மெய்டா வேலில் 1958இல் பீபீசி தொடங்கிய ரேடியோஃபோனிக் வேர்க்‌ஷொப்பின் தொழிலில் பாதி இந்த வெட்டுத்தான். அப்போது சின்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி, கடையில் கிடைக்கிற பொருளாக இல்லை. பரிசோதனைக்கூட ஒசிலேட்டர்கள் (வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் மின்கருவிகள்), ஒலிநாடா, பிளேட், அளவுகோல், அவ்வளவுதான். அங்கே வேலைசெய்த டெலியா டார்பிஷையர் ஓர் உலோக விளக்குமூடியைத் தட்டிப் பதிந்து, அடியை நீக்கி, மீதியில் எந்த அதிர்வெண்கள் வலுவாக நிற்கின்றன என்று பிரித்துப் பார்த்து, அவற்றை ஒசிலேட்டர்களால் திரும்பக் கட்டினார். 1963இல் 'டொக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசைக்கு மெட்டுப் போட்டவர் ரொன் கிரெய்னர். அதைச் சுரம் சுரமாகப் பதிந்து வெட்டி ஒட்டியது டெலியாவும் டிக் மில்ஸும். பலதடப் பதிவுக்கருவி இல்லை. தனித்தனி இயந்திரங்களில் நாடாக்களை ஏற்றி ஒன்றாகத் தொடக்குவார்கள். ஒரு சுரம் பிசகியபோது நாடாக்களை நீண்ட நடைபாதையில் அருகருகே விரித்து, எந்த ஒட்டு தள்ளி நிற்கிறது என்று கண்ணால் தேடினார்களாம்.

நாடாவில் நேரம் என்றால் நீளம். வினாடிக்கு 38 சென்ரிமீற்றர் ஓட்டத்தில் அரை வினாடி 19 சென்ரிமீற்றர். சேமக்கலத்தின் அடி ஏறக்குறைய 0.1 வினாடி, அதாவது 3.8 சென்ரிமீற்றர். வெட்டிய பின்னும் அடியின் மிச்சம் கேட்டால் இன்னொரு 3.8 எடுங்கள். நேர்குத்தாக வெட்டினால் 'டிக்' என்று தட்டும். 45 பாகையில் சரித்து வெட்டினால் 6.35 மில்லிமீற்றர் அகல நாடாவில் ஒலி 17 மில்லிவினாடிக்குள் மெல்ல ஏறும். கொம்பியூட்டரில் செய்பவர்கள் அதே 17 மில்லிவினாடிக்கு ஒரு ஏற்றம் கொடுத்தால் போதும். போனில் பதிவதானால் தானியங்கி ஒலிமட்டத்தை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். இல்லாவிட்டால் அது அடியை அமுக்கி வாலைத் தூக்கிவிடும், வெட்ட வேண்டிய இடமே தெரியாது.

ஓட்டத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிக்கும். ஒலியை ஒவ்வொரு அரைச்சுரம் ஏற்றவும் வேகத்தை 1.0595ஆல் பெருக்க வேண்டும்.

பழைய ஸ்பூல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டக்களப்பின் ஈரக்காற்றுத்தான் முதல் எதிரி. எழுபதுகள், எண்பதுகளின் பொலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் பிணைப்புப் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும்; ஓடும்போது கீச்சிடும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாகப் படியும். அவற்றை 54 பாகை செல்சியஸில் எட்டு மணித்தியாலம் போல உலர்த்தினால் ஒரு பிரதி எடுக்கும் அளவுக்குத் தேறும். காஸ் அவன் வேண்டாம், அதில் வெப்பம் நிலையாக நிற்காது. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது ஒளி ஊடுருவினால், அல்லது வினாகிரி மணம் வந்தால், அது பொலியெஸ்டர் அல்ல, அசிற்றேற் என்ற வேறு வகை நாடா. அதை ஒருபோதும் சூடாக்கக்கூடாது. ஒட்டுவதற்குச் செலோரேப்பும் கூடாது. எங்கள் வெயிலுக்குப் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். காந்தமேறிய பிளேட்டால் வெட்டினால், சரித்து வெட்டியும் ஒட்டு தட்டும். பித்தளைக் கத்தரிக்கோல் கிடைத்தால் நல்லது.

இத்தனை வெட்டும் ஒட்டும் அலுத்துத்தான் 1969இல் பீற்றர் சினோவீவ், டேவிட் கொக்கரெல், ட்ரிஸ்ரம் கேரி மூவரும் லண்டன் பட்னியில் வீசீஎஸ்3 என்ற சின்தசைசரைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஒசிலேட்டர்கள், வயர்களுக்குப் பதிலாக 16க்கு 16 துளைப்பலகை. எந்த வரிசையும் நிரலும் சந்திக்கும் துளையில் ஊசி செருகுகிறீர்களோ, அந்த இரண்டும் இணையும். ஊசிக்குள்ளேயே மின்தடை உண்டு, வழக்கமானதில் 2.7 கிலோ ஓம். உப்புக்காற்றில் ஊசி கறுத்தால் ஒலி கரகரக்கும்.

சூடேறச் சூடேற அதன் ஒசிலேட்டர்கள் சுருதி விலகும். மெட்டு வாசிப்பவருக்கு அது தலையிடி. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மற்ற முனையில் காதை வைத்தால் கேட்கும் மீன்பாட்டைப் போல ஒன்று வேண்டுமென்றால் அதுவே வாய்ப்பு. ஒரு ஒசிலேட்டரை 220 ஹேர்ட்ஸிலும் மற்றதை 222இலும் நிறுத்தி, 1000க்கு மேலுள்ளதை ஃபில்ரரால் அடக்குங்கள். வினாடிக்கு இரண்டு தடவை விம்மி அடங்கும். அரைமணி நேரம் தொடாமல் விட்டால் அந்த விம்மலின் வேகம் தானாகவே மாறியிருக்கும். கொம்பியூட்டர் ஒசிலேட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒன்றின் அதிர்வெண்ணைக் கையால் 221க்கும் 224க்கும் இடையில் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.