கீரைப் பாத்தியைத் தேடி வரும் பூனைகள்

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அரைக்கீரை விதைத்தேன். ஒரு பிடி விதைக்கு நாலு பிடி மணல் கலந்து தூவி, மேலே பொடித்த மாட்டெருவை மெல்லிசாகப் போர்த்தி, பூவாளியில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவில் மூன்று இடத்தில் மண் குவிந்து கிடக்கிறது. கிளறவே வேண்டாம், நாற்றமே சொல்லிவிட்டது. விதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது. ஆறாம் நாள் முளைத்தபோது பாத்தியில் பாதி வழுக்கையாக இருந்தது.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய வீடுகள், முன் தெருவில் வாசல் ஆரம்பித்தால் பின் தெருவில்தான் முடியும். இரண்டும் பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறந்தால்தான் உண்டு. மற்ற நாட்களில் வளவு என்கிற உள்முற்றமும் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டும் புறாவுக்கும் எலிக்கும் சொந்தம், அவற்றைத் தின்னும் பூனைகளுக்கும் சொந்தம். நான் எண்ணிய வரைக்கும் நான்கு பூனைகள். ஒரு சாம்பல் வரிப்பூனை, இரண்டு கறுப்பு வெள்ளை, ஒரு செம்பூனை. யாருடைய பூனையும் இல்லை, அதனால் யாரிடமும் போய்ச் சொல்லவும் முடியாது.

நாலும் ஏன் என் கொல்லைக்கே வருகின்றன என்று ரொம்ப நாள் யோசித்தேன், பதில் காலுக்கடியிலேயே இருந்தது. எங்கள் பக்கம் செம்புராங்கல் பூமி. மண்வெட்டியைப் போட்டால் பொறி பறக்கும். வீடுகளுக்குள்ளே ஆத்தங்குடிக் கல், வாசலில் சிமெண்டு, சந்தில் கப்பி. பூனைக்கோ தோண்டி மூடுவதற்கு உதிரியான, காய்ந்த மண் வேண்டும், அது அதன் பிறவிக் குணம். நான் போன வருஷம் கண்மாய் வண்டல் இரண்டு டிராக்டர் அடித்து, எரு கலந்து, கட்டி உடைத்து, கையால் சலித்தது போல வைத்திருக்கிறேன். இந்தத் தெரு முழுக்கப் பூனைக்கு ஏற்ற மண் அந்த ஆறுக்கு நாலு பாத்தியில் மட்டும்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் என்ன வழி செய்தாலும் நிற்காது என்பதை நான் பல நாட்களை வீணாக்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

வீணாக்கியதையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களாவது அந்த நாட்களை மிச்சப்படுத்தட்டும். எலுமிச்சைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் பரப்பினேன். அந்த வாசம் பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மைதான், முதல் ராத்திரி வரவில்லை. எங்கள் ஊர் வெயிலில் தோல் ஒரே பகலில் சருகாகிவிட்டது, மூன்றாம் நாள் அதே இடத்தில் குழி. தினம் தினம் போட அத்தனை எலுமிச்சைக்கு எங்கே போவது? அப்புறம் வாசல்படியில் நாய்க்கு வைக்கிற மாதிரி சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலைப் பாத்தியின் நாலு மூலையிலும் வைத்தேன். வரிப்பூனை அந்தப் பாட்டிலில் உடம்பை உரசிவிட்டு உள்ளே போனதை நானே பார்த்தேன். பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டேன். பகலில் மின்னியது, பூனை வந்ததோ ராத்திரியில்.

ஒருவர் பாச்சை உருண்டை போடச் சொன்னார், இன்னொருவர் பினாயிலை ஊற்றச் சொன்னார். இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் பூனைக்கு நஞ்சு. பினாயில் வகை மருந்தை மற்ற பிராணிகளின் ஈரல் ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே அது உள்ளே போய்விடும். அதோடு அது நாம் சாப்பிடும் கீரை முளைக்கிற மண். மிளகாய்ப் பொடியும் வேண்டாம், அந்தப் பாதத்தால்தான் பூனை கண்ணையும் துடைக்கிறது. மீன் தலையில் மருந்து வைத்துவிடலாம் என்றும் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி அனுப்பினேன். சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் செய்ய மாட்டேன். இந்தப் பூனைகள் இல்லாவிட்டால் பூட்டிய வீட்டு எலியெல்லாம் என் அரிசிப் பானைக்குத்தான் வரும்.

ஆவணி மூன்றாம் நாள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள், ஏழாம் மாதம். அதுவரை எரிச்சலாக இருந்தது அன்றிலிருந்து பயமாகிவிட்டது. அவளைப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் பூனை இருக்கிறதா, தோட்ட வேலை செய்வீர்களா என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரலாம், கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளையைப் பாதிக்கும் என்றார். பூனையைத் தொடுவதைவிட அது அசிங்கம் பண்ணிய மண்ணும், சரியாகக் கழுவாத பச்சைக் காய்களும், அரைவேக்காட்டுக் கறியும்தான் அதிக ஆபத்து என்பதையும் நிதானமாக விளக்கினார். மலம் விழுந்த உடனே தொற்றாது, ஒன்றிலிருந்து ஐந்து நாட்களில்தான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வருமாம். அதற்கப்புறம் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். இந்த ஒரு விவரம் என் வேலை முறையையே மாற்றிவிட்டது. தினமும் காலையில் பார்த்து எடுத்துவிட்டால் முக்கால்வாசி பயம் போய்விடும், அதை நான்தான் செய்ய வேண்டும், அவள் கொல்லைப் பக்கமே போகக்கூடாது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அரைக்கீரையைவிட அடுத்த பாத்தியில் இருந்த கொத்தமல்லிதான் கவலையாக இருந்தது. கீரையைக் கடைவதற்கு முன்னால் நன்றாக வேக வைக்கிறோம், சூட்டில் கிருமி செத்துவிடும். மல்லித்தழையை ரசத்தில் கிள்ளிப் போடுகிறோம், துவையலில் பச்சையாக அரைக்கிறோம். வெள்ளரியும் தக்காளியும் அப்படித்தான். அதனால் அந்த மல்லியை அப்படியே பிடுங்கி எறிந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, இருந்தாலும் எறிந்தேன்.

அதன் பிறகுதான் ஒழுங்காக வேலை பார்த்தேன். முதல் காரியம், பழைய அசிங்கத்தை எடுப்பது. கையுறை போட்டுக்கொண்டு, மலத்தை மட்டும் எடுக்காமல் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கைப்பிடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தேன். பூனை வாசத்தை மோந்துதான் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, வாசம் இருக்கும் வரை அந்த இடம் அதற்குக் கழிப்பிடம்தான். எடுத்த மண்ணை எருக்குழியில் போடவில்லை. கிணற்றுக்கு எதிர்க்கோடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன்.

இரண்டாவது, தண்ணீர் விடும் நேரம். காலையில் விட்டுக்கொண்டிருந்தேன், பொழுது சாய்வதற்குள் மேல்மண் பொலபொலவென்று காய்ந்து பூனைக்குப் பதமாக இருக்கும். கீரைக்கு மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றினேன். ஈர மண்ணில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, இதனாலேயே வருகை பாதியாகக் குறைந்தது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்யாதீர்கள், ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் பிடிக்கும்.

மூன்றாவது, மறைப்பு. எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை, முள்ளை வெட்டிப் பரப்பினால் தீர்ந்தது என்று முதலில் செய்தேன். களை பறிக்கும்போது என் உள்ளங்கையிலேயே ஒரு முள் ஒடிந்து இறங்கி, நாலு நாள் சீழ் பிடித்துக் கிடந்தேன். பூனையின் காலிலும் அப்படித்தானே ஏறியிருக்கும் என்று நினைத்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பதிலாகப் புளிய மிலாறு. விரல் மொத்தத்தில் ஒடித்து, இரண்டு சாண் நீளத்துக்கு நறுக்கி, நாலு விரற்கடைக்கு ஒன்றாக நெருக்கமாக ஊன்றினேன். பூனை உட்கார்ந்து திரும்ப இடம் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. ஒரு சாண் இடைவெளி விட்டால் நடுவில் வசதியாகக் குந்திக்கொள்ளும். புதிதாக விதைத்த பாத்திக்கு மட்டும் கோழி வலையை மண்ணோடு ஒட்டப் படுக்க வைத்து, ஓரத்தில் செங்கல் பாரம் வைத்தேன். முளை வலைக்கண் வழியாக மேலே வந்துவிடும், பூனையால் தோண்ட முடியாது. அரைக்கீரையை அறுத்து அறுத்து எடுப்பதால் வலை அப்படியே கிடக்கலாம். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு இது சரிப்படாது, முளைத்து நாலு இலை விட்டதும் வலையை எடுத்துவிட வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஓர் இடத்தை அடைத்தால் அதற்கு வேறோர் இடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பாத்தி, அடுத்த வீட்டுத் துளசி மாடம் என்று போய்க்கொண்டேதான் இருக்கும். பின்சுவர் ஓரமாக, முருங்கைக்கு அந்தப் பக்கம், மூன்றடிக்கு மூன்றடி செங்கல் வரம்பு கட்டி, ஓர் அடி உயரத்துக்கு மணல் கொட்டினேன். பாத்தியில் எடுத்த வாசமடித்த மண் கொஞ்சத்தை அதன் மேல் தூவினேன். ஒரு வாரம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு நம்பிக்கையே விட்டுப்போய்விட்டது.

அந்த வாரம்தான் ஆவணி மழை இரண்டு நாள் கொட்டியது. மழை விட்டதும் கொல்லை முழுக்கக் குப்பைமேனி. பிடுங்கி, வேரில் மண்ணை உதறி, கத்தரிப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பிவிட்டு உள்ளே வந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், நாலு பூனையில் மூன்று கத்தரிப் பாத்தியில் கிடந்து புரள்கின்றன! வேரைக் கடிக்கின்றன, கன்னத்தைத் தேய்க்கின்றன, மல்லாந்து உருள்கின்றன, செம்பூனைக்கு வாயில் எச்சில் வடிகிறது. விஷம் ஏதும் தின்றுவிட்டதோ என்று பதறிப் போய் எதிர் வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டியவர். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து பார்த்தார்.

"பூனைவணங்கியைக் கொண்டாந்து பாத்தியில போட்டுட்டுப் பூனை வருது பூனை வருதுங்குறியேத்தா?"

"குப்பைமேனி ஆச்சி இது."

"ரெண்டும் ஒண்ணுதான். வேரு வெளிய தெரிஞ்சா விடாது. பேரே அதுதானே."

சொறி சிரங்குக்கு மஞ்சளும் உப்பும் வைத்து எத்தனை தடவை அந்த இலையை அரைத்துப் பூசியிருக்கிறேன். பூனைவணங்கி என்ற பெயரையும் எங்கேயோ கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே செடி என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. ஆடி முழுக்க நான் களை பறித்துப் பறித்து அந்தந்தப் பாத்தி ஓரத்திலேயே போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் அவற்றை அழைத்திருக்கும். பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், நாம் அந்தப் பெயரை விட்டதோடு அந்த விவரத்தையும் விட்டுவிட்டோம் என்று அன்று முழுக்க வருத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலமே குப்பைமேனி அத்தனையையும் வாரிக்கொண்டு போய் மணல் மேட்டின் வரம்போரமாகப் போட்டேன். மறுநாள் காலையில் மணல் கிளறியிருந்தது. மூன்றாம் நாள் இரண்டு குவியல். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை புதுச்செடி நாலைந்து வேரோடு பிடுங்கி அங்கே போடுகிறேன், வேர் காய்ந்துவிட்டால் பூனை திரும்பிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் மற்ற இடத்தில் குப்பைமேனி முளைத்தால் உடனே எடுத்துவிடுகிறேன். மணல் மேட்டைத் தினமும் காலையில் ஒரு பழைய கரண்டியால் சுத்தம் பண்ண வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைகிறேன்.

புரட்டாசி கடைசியில் அரைக்கீரை முதல் அறுப்பு அறுத்தேன், இரண்டு பெரிய கட்டு. ஓடுகிற தண்ணீரில் மூன்று தடவை அலசி, பூண்டும் சீரகமும் போட்டு வேக வைத்துக் கடைந்து கொடுத்தேன். மகள் இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மல்லி மறுபடியும் போட்டிருக்கிறேன், இந்த முறை தரையில் இல்லை, இடுப்பு உயரத் திண்ணையில் தொட்டியில், மேலே வலை போட்டு. பிள்ளை பிறக்கும் வரைக்கும் வெளியிலிருந்து வந்தாலும் வீட்டில் விளைந்தாலும் பச்சை மல்லியை அவளுக்குக் கொடுப்பதாக இல்லை, வேக வைத்த பிறகுதான்.

முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். செம்பூனைக்கு வயிறு பெரிதாகத் தெரிகிறது. பூனைக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் குட்டி, குட்டிகள் எந்த மண்ணைக் கண்டாலும் தோண்டும். குட்டி போட்டுப் பால்குடி மறந்ததும் பிடித்துக் கொண்டுபோய்க் கருத்தடை செய்ய மருத்துவரிடம் பேசியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஐப்பசி மழை இருக்கிறது. மணல் மேடு நனைந்து ஊறிவிட்டால் காய்ந்த இடம் தேடித் தாழ்வாரத்தை ஒட்டிய மிளகாய் நாற்றங்காலுக்குத்தான் நேராக வரும், அங்கேதான் மழைச் சாரல் படாது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மேட்டுக்கு மேலே நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுவிட வேண்டும்.