அசைலம் ஸ்டேட்மென்டில் ‘வெல்-ஃபவுண்டட் ஃபியர்’

அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸுக்கு ஸ்டேட்மென்ட் எழுதும்போது பலரும் முதல் பக்கத்திலேயே ‘ஐ ஹேவ் எ வெல்-ஃபவுண்டட் ஃபியர்’ என்று போட்டுவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் உள்ள சொல் அது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அதிகாரி. நீங்கள் தரவேண்டியது அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோகும் விவரங்களை.

‘ஃபியர்’ உங்கள் மனதில் இருப்பது. ‘வெல்-ஃபவுண்டட்’ என்றால் அந்தப் பயத்துக்கு வெளியிலும் ஆதாரம் இருக்க வேண்டும். வெளி ஆதாரமும் வேண்டுமா என்ற கேள்வி பிரிட்டனில் இலங்கைத் தமிழர் ஆறு பேரின் வழக்கில்தான் தீர்ந்தது: சிவகுமாரன் வழக்கு. மனுதாரருக்குத் தெரிந்ததை வைத்துப் பயம் நியாயமாக இருந்தால் போதும் என்றது அப்பீல் கோர்ட். அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1987 டிசம்பரில் அதை மாற்றி, திருப்பி அனுப்பினால் துன்புறுத்தல் நடக்க நியாயமான அளவு சாத்தியம் இருக்கிறதா என்று நாட்டு நிலைமையையும் வைத்துப் பார்க்கச் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட், கார்டோசா-ஃபொன்சேகா வழக்கில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் போதலாம் என்றது. ஆகவே ‘போனால் கட்டாயம் கொன்றுவிடுவார்கள்’ என்று எழுதத் தேவையே இல்லை. காட்ட முடியாத நிச்சயத்தை எழுதினால் மற்ற உண்மைகள் மீதும் சந்தேகம் விழும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழை ஒன்று உண்டு; இதில் மிகவும் கவனம் வேண்டும். ‘ஆர்மிக்குப் பயம்’ என்பதை ‘ஐ ஃபியர் ஃபார் தி ஆர்மி’ என்று எழுதிவிடுகிறோம். அதற்கு ஆர்மிக்கு என்ன ஆகுமோ என்று நான் கவலைப்படுகிறேன் என்று பொருள்! ‘ஐ ஃபியர் தி ஆர்மி’ என்பதே சரி. ‘ஃபியர் ஃபார்’ என்பதை ‘ஐ ஃபியர் ஃபார் மை சன்’ என்று பிள்ளைக்காகப் பயப்படும்போது வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபியர்’ பெயர்ச்சொல்லாக வந்தால் பின்னால் ‘ஆஃப்’ வரும்: ‘ஃபியர் ஆஃப் பெர்செக்யூஷன்’ (துன்புறுத்தலுக்குப் பயம்). ஹைஃபன் சின்ன விஷயம். ‘வெல்-ஃபவுண்டட்’ என்பது ‘ஃபியர்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் போடுங்கள்.

பயத்துக்குக் காரணம் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றோடாவது சேர வேண்டும். கடன்காரனுக்குப் பயம் என்பது மட்டும் இதற்குள் வராது. ‘என்னைத் தேடினார்கள்’ என்று நிறுத்தாதீர்கள். உதாரணத்துக்கு, ‘மார்ச் மாதம் சிவில் உடையில் இருவர் வந்தார்கள், காணாமல்போன அண்ணனைப் பற்றி நான் நடத்திய போராட்டத்தின் படத்தைக் காட்டினார்கள், அம்மாவிடம் என் விலாசத்தைக் கேட்டார்கள்’ என்றால் யார், எப்போது, ஏன் நீங்கள் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. செய்தவர் அரசுத் தரப்பு இல்லையென்றால், போலீஸிடம் போனீர்களா, போகவில்லையென்றால் ஏன் என்பதையும் சேருங்கள்.

கடைசியாகக் காலம். ‘பயந்தேன்’ என்று இறந்தகாலத்திலேயே முடித்தால், இப்போது என்ன பயம் என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். நடந்த கொடுமை பலமான சான்று. ஆனால் தீர்மானிக்கப்படுவது நாளை திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பது. ‘ஐ ஃபியர்’ என்று நிகழ்காலத்தில் ஒரு பத்தி எழுதி, இன்றும் தேடுகிறார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதை அதிலேயே வையுங்கள்.