வாடகை பாக்கியும் தானாக விழும் பூட்டும்

கலிபோர்னியாவில் செல்ஃப் ஸ்டோரேஜ் (சாமான்களைப் பூட்டி வைக்க வாடகைக்கு விடும் அறைகள்) நடத்துபவர்கள், மென்பொருளோடு வரும் நாள் கணக்கை அப்படியே ஓடவிடாதீர்கள். தாமதக் கட்டணம் 10 நாள் கழிந்த பிறகுதான். மாத வாடகை 100 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் உச்சவரம்பு 20 டாலர் அல்லது வாடகையில் 15 சதவீதம், எது அதிகமோ அது.

பாக்கி தொடர்ந்து 14 நாள் நின்றால் முதல் லீன் நோட்டீஸ் (பாக்கிக்காக உள்ளே இருக்கும் சாமான் மீது உரிமை கோரும் அறிவிப்பு) அனுப்பலாம். அதில் போடும் கெடு, தபாலில் சேர்த்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள். கெடு முடிந்த பிறகே வாடகைதாரர் உள்ளே வரப் பயன்படுத்தும் கேட் எண்ணை முடக்க வேண்டும்.

பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: சனிக்கிழமை உருவான கடிதம் திங்கட்கிழமை தபாலுக்குப் போகும், மென்பொருளோ சனிக்கிழமையிலிருந்தே எண்ணும். அதனால் அஞ்சல் சான்றின் தேதியை ஊழியர் பதிந்தால் மட்டும் அடுத்த படி நகரும்படி வையுங்கள்.

பாதித் தொகை வந்தாலோ, திவால் மனு அறிவிப்பு வந்தாலோ மென்பொருளின் அடுத்தடுத்த படிகள் உடனே நிற்க வேண்டும். வாடகைதாரர் ராணுவப் பணியில் இருந்தால், பணிக்காலத்திலும் அதன்பின் 90 நாளும் நீதிமன்ற உத்தரவின்றி சாமானை ஏலம் விடக் கூடாது. ஏலத்தை மட்டும் எந்த மென்பொருளிடமும் முழுதாக ஒப்படைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒருவரின் மொத்த வீட்டுச் சாமானாக இருக்கலாம். கோப்பைப் படித்து மேலாளர் ஒப்புதல் தரட்டும்.