38 ஆட்டங்களும் அந்தக் கடைசி இரண்டும்

ஐரோப்பியக் கழகங்களின் கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கின், 2012ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் நடந்த இறுதி ஆட்டத்தின் பதிவை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துவிடுவது என் வழக்கம். முழுவதையும் பார்க்க நேரம் வாய்க்காவிட்டால், கடைசிப் பத்து வினாடிகளையாவது பார்த்துவிடுவேன். மாஸ்கோவின் சிஎஸ்கேஏ 61, கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் 60. கடிகாரம் 9.7 வினாடியில் நிற்கிறது. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சு. அதற்கான கோட்டில் நிற்பவர் சிஎஸ்கேஏவின் லிதுவேனிய வீரர் ராமுனாஸ் ஷிஷ்காவ்ஸ்காஸ். அந்தக் கோட்டிலிருந்து அவர் தவறவிடுவது அரிது. முதல் வீச்சு விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. பந்தை வாங்கிக்கொண்டு ஓடிய ஒலிம்பியாகோஸின் வாசிலிஸ் ஸ்பனூலிஸ், தடுப்பாளர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டுக் கடைசிக் கணத்தில் யோர்கோஸ் பிரின்டெசிஸிடம் தள்ளிவிட, அவர் எம்பி உயரத் தூக்கிப் போட்ட பந்து வலைக்குள் இறங்கும்போது மிச்சமிருந்தது 0.7 வினாடி. 62-61. மூன்றாவது கால் பகுதியில் 19 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற ஆந்த்ரே கிரிலென்கோ தோற்ற அணியில் இருந்தார். ஏழு ஆட்டத் தொடராக இருந்திருந்தால் சிஎஸ்கேஏ வென்றிருக்கும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் யூரோலீக் அப்படி நடப்பதில்லை. மாதக்கணக்கில் கண்டம் முழுவதும் பறந்து பறந்து ஆடிய பிறகு, எஞ்சும் நான்கு அணிகள் ஒரே நகரில் ஒரு வார இறுதியில் கூடுகின்றன. ஓர் அரையிறுதி, ஓர் இறுதி, அவ்வளவுதான். ஃபைனல் ஃபோர் என்ற இந்த முறை 1988இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்ததிலிருந்து நிலைத்துவிட்டது. இது நியாயமற்றது என்று பல ஆண்டுகள் நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். நியாயமற்றது என்பதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். மாற்ற வேண்டும் என்ற கட்சியிலிருந்து மட்டும் விலகிவிட்டேன்.

வலிய அணிகள் இப்படி வீழ்வதற்கு ஆட்டத்தின் அமைப்பே பாதிக் காரணம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் 48 நிமிடங்கள், இங்கே 40. அங்கே ஆறாவது ஃபவுலில்தான் ஒரு வீரர் வெளியேற வேண்டும், இங்கே ஐந்தாவதிலேயே. நட்சத்திர வீரர் முதல் கால் பகுதியில் இரண்டு ஃபவுல் செய்துவிட்டால் பயிற்சியாளர் அவரை உடனே பெஞ்சில் உட்காரவைக்கிறார். அந்த இடைவெளியில் ஆட்டம் கைமாறிவிடுகிறது. எட்டு நிமிடக் குறைவு அற்பமாகத் தோன்றலாம், ஆனால் வலிய அணி தன் வலிமையை நிரூபிக்கத் தேவையான அவகாசத்தைத்தான் அது பறித்துக்கொள்கிறது.

போட்டியின் தொடக்கம் 1958. ஐரோப்பிய சாம்பியன் கழகங்களுக்கான கோப்பை என்ற பெயரில் நடந்த முதல் மூன்று பருவங்களையும் அலெக்சாண்டர் கொமெல்ஸ்கி பயிற்றுவித்த ரீகா ஏஎஸ்கே அணியே வென்றது. பிறகு இத்தாலியின் வாரேசே 1970 முதல் 1979 வரை தொடர்ந்து பத்து இறுதி ஆட்டங்களில் ஆடி ஐந்தில் வென்றது; அந்தச் சாதனையை இனி எவரும் நெருங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2000இல் கழகங்கள் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவிடமிருந்து பிரிந்து தனிப் போட்டி நடத்தியதால், 2001இல் மட்டும் ஐரோப்பாவுக்கு இரண்டு சாம்பியன்கள்: ஒரு பக்கம் கிண்டர் பொலோனியா, மறு பக்கம் மக்காபி டெல் அவீவ். அந்தச் சண்டையின் உள்விவரங்கள் வழக்கறிஞர்களுக்கு ருசிக்கலாம், எனக்கு ருசிப்பதில்லை.

எனக்குப் பிடித்த கதை 1992இல் தொடங்குகிறது. யூகோஸ்லாவியப் போரின் காரணமாகப் பெல்கிரேடின் பார்ட்டிசான் அணி தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஸ்பெயினில், மட்ரிட்டுக்கு அருகிலுள்ள ஃபுவென்லாப்ராடாவில் ஆட நேர்ந்தது. பயிற்சியாளர் ஷெல்யிகோ ஒப்ராடோவிச்சுக்கு அப்போது 32 வயது. முந்தைய ஆண்டு வரை அதே அணியின் ஆட்டக்காரர். இஸ்தான்புல் இறுதியில் பாதலோனாவின் ஹோவெந்துத் அணி 70-68 என முந்தியிருந்தபோது, சாஷா ஜோர்ஜெவிச் பந்தை மைதானத்தின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே ஓடி, வலப்பக்கத்தில் நிலைகொள்ளாமல் எம்பி ஒரு மூன்று புள்ளி வீச்சை எறிந்தார். 71-70. கோப்பை பார்ட்டிசானுக்கு.

கதை அதோடு முடியவில்லை. தங்களைத் தோற்கடித்த அதே ஒப்ராடோவிச்சை ஹோவெந்துத் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 1994 டெல் அவீவ் இறுதியில், ஆட்டம் முடியும் தறுவாயில் கார்னி தாம்ப்சன் போட்ட மூன்று புள்ளிகளால் அந்த அணி ஒலிம்பியாகோஸை 59-57 என வென்றது. ஒரு கையால் பிடுங்கியதை மறு கையால் திருப்பிக் கொடுத்துவிட்டார் மனிதர். ஐந்து வெவ்வேறு கழகங்களுடன் மொத்தம் ஒன்பது கோப்பைகளை வென்ற அவருக்கு இணையாக இந்தப் போட்டியின் வரலாற்றில் வேறு பயிற்சியாளர் இல்லை.

எல்லா ஒரு புள்ளி வெற்றிகளும் இப்படி இனிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996 பாரிஸ் இறுதியில் கிரேக்கத்தின் பானதினாய்கோஸ் 67-66 என முன்னிலையில் இருக்க, பார்சிலோனாவின் மொன்தேரோ எறிந்த பந்து பலகையில் பட்டு வளையத்தை நோக்கி வருகையில், ஸ்டோய்கோ வ்ராங்கோவிச் பின்னாலிருந்து ஓடிவந்து அதைத் தட்டிவிட்டார். பலகையில் பட்டுவிட்ட பந்தை அப்படித் தொடக் கூடாது என்பது விதி. விசில் ஊதப்படவில்லை, பார்சிலோனா முறையிட்டும் முடிவு மாறவில்லை. ஐந்து இறுதி ஆட்டங்களில் தோற்ற அந்தக் கழகம் தன் முதல் கோப்பையைத் தொடுவதற்கு 2003 வரை, அதுவும் சொந்த நகரில் நடந்த ஃபைனல் ஃபோர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சிஎஸ்கேஏவின் பாடு இன்னும் மோசம். 2012 தோல்விக்குப் பின் 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகளும் அரையிறுதியிலேயே வீழ்ந்தார்கள். 2014இல் மக்காபியிடம் ஒரு புள்ளியில் தோல்வி. மற்ற இரண்டு முறையும் எதிரே நின்றது அதே ஒலிம்பியாகோஸ். 2016இல் பெர்லினில்தான் சாபம் தீர்ந்தது. அதுவும் துருக்கியின் ஃபெனர்பாசேவுக்கு எதிராகக் கையிலிருந்த பெரிய முன்னிலையைக் கரைத்துவிட்டு, தவறிப்போன ஒரு வீச்சைக் கடைசி வினாடிகளில் விக்தர் க்ரியாபா வளையத்தினருகே தட்டி உள்ளே போட்டதால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 101-96 என வென்றார்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஒப்ராடோவிச் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இதற்கிடையில் பருவம் நீண்டுகொண்டே போகிறது. 2016இல் 16 அணிகள் எல்லோரும் எல்லோருடனும் மோதும் முறை வந்தபோது அணிக்கு 30 ஆட்டங்கள். பிறகு 18 அணிகளும் 34 ஆட்டங்களும். 2025-26 பருவத்தில் 20 அணிகளும் 38 ஆட்டங்களும். இதற்கு மேல் ஒவ்வோர் அணியும் தன் நாட்டு லீகிலும் ஆட வேண்டும். ஜனவரியில் ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் ஆடிவிட்டு வரும் வீரர்களின் கால்களைப் பார்த்தாலே களைப்பு தெரிகிறது. தடுப்பாட்டத்தில் ஓரடி தாமதமாக நகர்கிறார்கள். அந்த ஆட்டங்களில் பலவற்றை நான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று வந்ததும் அதே வீரர்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

2023 அதற்கு நல்ல சாட்சி. ஐந்து ஆட்டக் காலிறுதியில் ரியல் மட்ரிட், ஒப்ராடோவிச்சின் பார்ட்டிசானிடம் சொந்த மைதானத்திலேயே முதல் இரண்டையும் இழந்தது. இரண்டாவது ஆட்டம் மைதானத்தில் கைகலப்போடு முடிந்தது. அதுவரை 0-2 என்ற நிலையிலிருந்து எந்த அணியும் மீண்டதில்லை, இவர்கள் மீண்டார்கள். கௌனாஸ் இறுதியில் எதிரே நின்றது, லீக் சுற்றில் முதலிடம் பிடித்த ஒலிம்பியாகோஸ். மூன்று வினாடிகள் இருக்கையில் ரியலின் செர்ஹியோ யூல், 2.18 மீட்டர் உயர மூஸ்தஃபா ஃபாலின் நீட்டிய கைக்கு மேலாகப் பந்தை எறிந்தார். 79-78. பதிலுக்குக் கோஸ்தாஸ் ஸ்லூக்காஸ் எறிந்த கடைசி வீச்சு விழவில்லை. 2012இல் ஒரு புள்ளியில் வாங்கியதை ஒலிம்பியாகோஸ் ஒரு புள்ளியிலேயே திருப்பிக் கொடுத்தது.

அந்தக் கோடையில் ஸ்லூக்காஸ் கழகம் மாறினார். அவர் போனது ஏதென்ஸின் மறு முகாமான, ஒலிம்பியாகோஸின் பரம எதிரியான பானதினாய்கோஸுக்கு. 2024இல் பெர்லினில் அந்த அணி ரியல் மட்ரிட்டை 95-80 என வீழ்த்தி, 2011க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையை வென்றது. ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்லூக்காஸுக்கு.